பெண்கள் ஸ்பிரிண்ட் மிதிவண்டிப் பந்தயம்

பெண்கள் ஸ்பிரிண்ட் என்பது வெலோட்ரோம் எனப்படும் சாய்வான ஓடுதளத்தில் நடைபெறும் குறுந்தொலைவு மிதிவண்டிப் பந்தயமாகும். பெரும்பாலும் இருவர் மட்டுமே மோதும் இப்பந்தயத்தில் வேகத்திற்கு நிகராக உபாயமும் முக்கியமானது. பெண்களுக்கான உலக சாம்பியன் போட்டி 1958-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒலிம்பிக்கில் இது 1988-ஆம் ஆண்டு சியோல் போட்டியில்தான் சேர்க்கப்பட்டது. ஆண்களுக்கான ஸ்பிரிண்ட் 1893 முதல் உலக சாம்பியன் போட்டியிலும், 1896 முதல் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றிருந்தது. ஆண்களுக்குக் கிடைத்த மேடை பெண்களுக்குக் கிடைக்க உலகப் போட்டியில் 65 ஆண்டுகளும் ஒலிம்பிக்கில் 92 ஆண்டுகளும் ஆயின. இந்தக் காத்திருப்பும் அது முடிவுக்கு வந்த விதமுமே இப்பந்தய வரலாற்றின் மையப் பொருளாகும்.

பந்தயம் நடைபெறும் முறை

இன்றைய சர்வதேசப் போட்டிகள் பெரும்பாலும் 250 மீட்டர் சுற்றளவுள்ள, மரப்பலகை வேய்ந்த உள்ளரங்க ஓடுதளங்களில் நடைபெறுகின்றன. வளைவுகளில் தளம் ஏறக்குறைய 42 பாகை வரை சாய்ந்திருக்கும். மிதிவண்டிக்கு பிரேக் கிடையாது. கியர் மாற்றும் வசதியும் கிடையாது. சக்கரம் சுழலும் வரை மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் கால்களால் மிதியை எதிர்த்து அழுத்த வேண்டும்.

முதலில் தகுதிச் சுற்று நடைபெறும். ஒவ்வொருவரும் தனியாக ஓட்டி, வளைவின் உயரமான பகுதியிலிருந்து கீழே பாய்ந்து முழு வேகம் எடுப்பர். கடைசி 200 மீட்டர் மட்டும் நேரம் கணக்கிடப்படும். இதனைப் 'பறக்கும் 200 மீட்டர்' என்பர். இந்த நேரத்தின்படி வரிசைப்படுத்தப்பட்டு, பின்னர் ஒருவரை ஒருவர் எதிர்கொள்வர். தோற்றவர்களுக்கு மறுவாய்ப்புச் சுற்று உண்டு. கால் இறுதி, அரை இறுதி, இறுதிச் சுற்றுகளில் மூன்று ஓட்டங்களில் இரண்டை வென்றவரே வெற்றியாளர்.

இருவர் மோதும் பந்தயம் 250 மீட்டர் தளத்தில் மூன்று சுற்றுகள் கொண்டது. முதல் முறை பார்ப்பவருக்கு இது வியப்பளிக்கும். உலகின் மிக வேகமான இருவர் நடைவேகத்தில் ஊர்ந்து செல்வர். சில நேரம் அசையாமல் நின்றுவிடுவர். இதற்குக் காரணம் காற்றின் தடையாகும். முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்ல, பின்னால் வருபவர் அந்த மறைவில் குறைந்த உழைப்பில் அதே வேகத்தைப் பெறுகிறார். கடைசி வளைவில் மறைவிலிருந்து வெளியே வந்து எதிராளியைக் கடந்துவிடலாம். ஆகையால் முன்னால் செல்ல இருவருமே விரும்புவதில்லை. எதிராளியை முன்னே தள்ளுவதற்காகவே மிதிவண்டியை நிறுத்திச் சமன்செய்து நிற்கின்றனர். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கு விதிகளில் வரம்பு உண்டு.

ஓடுதளத்தின் உள்விளிம்பை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு வரையப்பட்டிருக்கும். இறுதிப் பாய்ச்சலின்போது அக்கோட்டிற்கு உள்ளே முன்னணியில் செல்பவர் அதைவிட்டு வெளியே வந்து எதிராளியின் வழியை மறிக்கக் கூடாது. பிற்காலத்தில் ஓர் ஒலிம்பிக் இறுதிப் போட்டியின் போக்கையே மாற்றியது இந்த விதிதான்.

தொடக்ககாலம்

பெண்கள் மிதிவண்டிப் பந்தயம் புதிதாக முளைத்ததன்று. 1890-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிதிவண்டி மோகம் உச்சத்தில் இருந்தபோதே பெண்கள் ஓடுதளங்களில் பணத்திற்காகப் போட்டியிட்டனர். சுவீடனில் பிறந்து சிகாகோவில் தையல் வேலை செய்துவந்த டில்லி ஆண்டர்சன், அமெரிக்க ஓடுதளங்களில் தோற்கடிக்க முடியாதவராகப் புகழ்பெற்றார். பெல்ஜியத்தின் எலேன் துத்ரியு 1895-இல் ஒரு மணி நேரத்தில் 39 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். இவரே பின்னாளில் விமானம் ஓட்டிய முதல் தலைமுறைப் பெண்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

ஆனால் பந்தயங்களை நடத்திய அமைப்புகள் பெண்களை ஏற்கவில்லை. பெண்ணின் உடலுக்கும் நாகரிகத்திற்கும் இது பொருந்தாது என்பதே அக்கால வாதம். 1902-இல் அமெரிக்காவில் பெண்களின் பந்தயம் தடைசெய்யப்பட்டதோடு டில்லி ஆண்டர்சனின் ஓட்ட வாழ்வும் முடிந்தது. 1900-ஆம் ஆண்டு பாரிசில் நிறுவப்பட்ட சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் (யூ.சி.ஐ.), அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெண்களுக்கென்று உலக சாம்பியன் போட்டி எதையும் நடத்தவில்லை.

ஐலீன் கிரேயின் போராட்டம்

நிலைமையை மாற்றியதில் பெரும்பங்கு இங்கிலாந்தின் ஐலீன் கிரே (1920–2015) அவர்களுக்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போக்குவரத்துத் தட்டுப்பாட்டால் மிதிவண்டி ஓட்டத் தொடங்கியவர் இவர். 1946-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போட்டியிட்ட பிரிட்டனின் முதல் சர்வதேசப் பெண்கள் அணியில் இடம்பெற்றார். 1949-இல் பெண்கள் மிதிவண்டிப் பந்தயச் சங்கத்தை உருவாக்குவதில் முன்னின்றார்.

இச்சங்கம் இரு கோரிக்கைகளை முன்வைத்தது. பெண்களின் சாதனைகள் உலகச் சாதனைகளாகப் பதிவுசெய்யப்பட வேண்டும். பெண்களுக்கு உலக சாம்பியன் போட்டி வேண்டும். 1955-இல் முதல் கோரிக்கை ஏற்கப்பட்டது. நேரம் அதிகாரபூர்வமாகப் பதிவானதும், பெண்களால் முடியாது என்ற வாதம் தானே வலுவிழந்தது. அதன் தொடர்ச்சியாக 1958-இல் பெண்களுக்கான முதல் உலக சாம்பியன் போட்டிகள் பிரான்சில் நடைபெற்றன. சாலைப் பந்தயம் ரேம்சு நகரிலும், ஸ்பிரிண்ட் மற்றும் 3,000 மீட்டர் துரத்தல் ஆகிய ஓடுதளப் பந்தயங்கள் பாரிசிலும் நடைபெற்றன.

ஐலீன் கிரே பின்னர் பிரிட்டிஷ் மிதிவண்டிக் கூட்டமைப்பின் தலைவராகவும் பத்தாண்டுகள் (1976–1986) பணியாற்றினார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கிற்கு முன் தமது 92-ஆம் வயதை ஒட்டி ஒலிம்பிக் சுடரை ஏந்திச் சென்றார். பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஓடுதளத்தில் சம எண்ணிக்கையில் போட்டிகள் அமைந்த முதல் ஒலிம்பிக் அதுவே.

சோவியத் ஆதிக்கம் (1958–1972)

முதல் உலக சாம்பியன் சோவியத் ஒன்றியத்தின் கலினா எர்மலாயெவா. 1958 முதல் 1961 வரை தொடர்ந்து நான்கு முறையும், பிறகு 1963, 1972 ஆகிய ஆண்டுகளிலும் இவரே வென்றார். முதல் பட்டத்திற்கும் கடைசிப் பட்டத்திற்கும் இடையே 14 ஆண்டுகள். வலென்டினா சாவினா, இரினா கிரிச்சென்கோ, கலினா சார்யோவா ஆகியோரும் அக்காலத்தில் பட்டம் வென்றவர்களே. 1958 முதல் 1972 வரை நடைபெற்ற 15 போட்டிகளிலும் பெண்கள் ஸ்பிரிண்ட் பட்டம் சோவியத் ஒன்றியத்தை விட்டு வெளியே செல்லவில்லை.

சோவியத் விளையாட்டு அமைப்பு பெண்களுக்கும் பயிற்சியாளர், ஓடுதளம், முழுநேரப் பயிற்சி ஆகியவற்றை அளித்தது. மேற்கு நாடுகளில் பெண் ஓட்டுநர்கள் வேலைக்குச் சென்றுகொண்டே மாலையில் பயிற்சி செய்த காலம் அது. அந்த வேறுபாடு முடிவுகளில் தெரிந்தது.

கலினா சார்யோவாவும் எர்மலாயெவாவைப் போலவே ஆறு முறை உலக சாம்பியன் ஆனார் (1969, 1970, 1971, 1977, 1978, 1979). ஆனால் இவ்விருவரில் எவருக்கும் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. அவர்கள் தோற்றதால் அன்று. அவர்கள் ஓட்டிய காலத்தில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மிதிவண்டிப் பந்தயமே இல்லாததால்தான். 1980-இல் ஒலிம்பிக் மாஸ்கோவிலேயே நடைபெற்றபோதும், முந்தைய மூன்று ஆண்டுகளும் உலக சாம்பியனாக இருந்த சார்யோவாவுக்குப் போட்டியிட ஒரு பந்தயம் கூட இருக்கவில்லை.

பனிச்சறுக்குத் தளத்திலிருந்து வந்தவர்கள்

சோவியத் தொடரை முதலில் முறித்தவர் அமெரிக்காவின் ஷீலா யங். 1973-இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் பட்டம் வென்ற இவர் அடிப்படையில் பனித்தள வேகச் சறுக்கு வீராங்கனை. அதே ஆண்டில் வேகச் சறுக்கிலும் மிதிவண்டியிலும் உலக ஸ்பிரிண்ட் சாம்பியன் ஆனார். 1976 குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் வென்று, அவ்வாண்டே மீண்டும் மிதிவண்டி உலகப் பட்டத்தையும் கைப்பற்றினார். ஓய்வு பெற்றபின் திரும்பி வந்து 1981-இல் மூன்றாம் முறையாகச் சாம்பியன் ஆனார்.

வேகச் சறுக்கும் மிதிவண்டி ஸ்பிரிண்டும் நெருங்கிய உறவுடையவை. இரண்டிலும் உடலை முன்புறம் தாழ்த்தி, தொடைத் தசைகளின் வெடிப்பு வலிமையால் வேகம் எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் சறுக்குவோர் கோடையில் உடலைப் பேண மிதிவண்டி ஓட்டுவது வழக்கம். மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் வட்டாரம் இவ்வழக்கத்திற்குப் பெயர்போனது. ஷீலா யங் மட்டுமன்றி, 1975, 1980 ஆண்டுகளில் வென்ற சூ நொவாரா, 1982, 1983, 1984, 1990 ஆண்டுகளில் வென்ற கான்னி பரஸ்கெவின் ஆகியோரும் மிச்சிகன் மாநிலத்தவரே. 1973 முதல் 1984 வரையிலான 12 பட்டங்களில் எட்டு இம்மூவருக்குச் சென்றது. எஞ்சிய நான்கு சோவியத் ஒன்றியத்திற்கு.

இவ்வகையில் உச்சம் தொட்டவர் கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்டா ரோத்தன்பர்கர் (திருமணத்திற்குப் பின் லூடிங்). 1984 குளிர்கால ஒலிம்பிக்கில் வேகச் சறுக்கில் தங்கம் வென்றவர், பயிற்சியாளரின் தூண்டுதலால் மிதிவண்டிக்கும் வந்து 1986-இல் உலக சாம்பியன் ஆனார். 1988 பிப்ரவரியில் கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் 1,000 மீட்டரில் தங்கமும் 500 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் சியோலில் ஸ்பிரிண்ட் வெள்ளியையும் வென்றார். ஒரே ஆண்டில் குளிர்கால, கோடைகால ஒலிம்பிக் இரண்டிலும் பதக்கம் பெற்றவர் இவர் ஒருவரே. 1994 முதல் இவ்விரு ஒலிம்பிக்குகளும் வெவ்வேறு ஆண்டுகளில் நடைபெறுவதால், இச்சாதனையை இனி எவரும் எட்ட வழியில்லை.

ஒலிம்பிக் வாயில் திறந்தது

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்குச் சாலைப் பந்தயம் ஒன்று சேர்க்கப்பட்டது. ஓடுதளத்தில் பெண்கள் இறங்க மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. 1988 சியோலில் நடைபெற்ற முதல் பெண்கள் ஸ்பிரிண்டில் சோவியத் அணிக்காக ஓட்டிய எஸ்தோனியப் பெண் எரிக்கா சலுமே தங்கம் வென்றார். லூடிங் வெள்ளியும் பரஸ்கெவின் வெண்கலமும் பெற்றனர்.

நான்கு ஆண்டுகளில் உலக வரைபடமே மாறியது. 1991-இல் எஸ்தோனியா மீண்டும் விடுதலை பெற்றது. 1992 பார்சிலோனாவில் சலுமே தம் சொந்த நாட்டின் பெயரில் களமிறங்கி மறுபடியும் தங்கம் வென்றார். மீண்டும் சுதந்திர நாடான பின் எஸ்தோனியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் இதுவே. பரிசளிப்பு விழாவில் எஸ்தோனியாவின் நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடி தலைகீழாக ஏற்றப்பட்டது. உலகம் இன்னும் பழகியிராத கொடி அது. ஒரே பந்தயத்தில் ஒரே பெண் இரு வேறு நாடுகளுக்காக அடுத்தடுத்துத் தங்கம் வென்றது, அக்கால அரசியல் மாற்றத்தின் அடையாளமாக நிலைத்துவிட்டது.

பலாஞ்ஜேயின் காலம்

1990-களின் பிற்பாதி பிரான்சின் ஃபெலிசியா பலாஞ்ஜேக்கு உரியது. இத்தாலிய மிதிவண்டி வீரர் ஃபெலிச்சே ஜிமோந்தியின் நினைவாக இவருக்குப் பெயரிடப்பட்டது. 1992 பார்சிலோனாவில் நான்காம் இடம் பெற்றுப் பதக்கத்தை இழந்தவர், 1995 முதல் 1999 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஸ்பிரிண்ட் உலக சாம்பியனாக விளங்கினார். அதே ஐந்து ஆண்டுகளிலும் 500 மீட்டர் தனிநேர ஓட்டப் பட்டத்தையும் அவரே வென்றார். 1996 அட்லாண்டா, 2000 சிட்னி என இரு ஒலிம்பிக்குகளில் ஸ்பிரிண்ட் தங்கம் பெற்றார். சிட்னியில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட பெண்கள் 500 மீட்டர் தனிநேர ஓட்டத்திலும் தங்கம் இவருக்கே.

2004 ஏதென்சில் வென்ற கனடாவின் லோரி ஆன் மியூன்சரின் கதை வேறு வகையானது. வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே பயிற்சி செய்த இவர், 38-ஆம் வயதில் தம்மைவிடப் பல ஆண்டுகள் இளையவர்களை வென்று தங்கம் பெற்றார். மிதிவண்டியில் கனடாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அதே ஏதென்சில் ஆஸ்திரேலியாவின் 20 வயது அன்னா மியர்ஸ் 500 மீட்டரை 33.952 விநாடிகளில் ஓட்டி உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். 34 விநாடிக்குள் இத்தொலைவைக் கடந்த முதல் பெண் இவரே.

பெண்டில்டனும் மியர்சும்

ஏதென்சுக்குப் பின் 500 மீட்டர் பந்தயம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. தங்கம் வென்ற பந்தயமே இல்லாமல் போனதால் மியர்ஸ் ஸ்பிரிண்டில் கவனம் செலுத்த நேர்ந்தது. அங்கே அவர் எதிர்கொண்டவர் பிரிட்டனின் விக்டோரியா பெண்டில்டன்.

2008 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலசில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் மியர்ஸ் பெருவேகத்தில் கீழே விழுந்தார். கழுத்தெலும்பின் இரண்டாம் முள்ளெலும்பு முறிந்தது. மயிரிழையில் உயிர் தப்பினார் என்றே சொல்ல வேண்டும். ஏழே மாதங்களில் பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிக்கு வந்து பெண்டில்டனிடம் தோற்று வெள்ளி பெற்றார். அந்த வெள்ளி பல தங்கங்களைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது.

பெய்ஜிங் ஒரு குறையையும் வெளிச்சமிட்டுக் காட்டியது. அங்கு ஓடுதளத்தில் ஆண்களுக்கு ஏழு போட்டிகள், பெண்களுக்கு மூன்றே. பிரிட்டனின் கிறிஸ் ஹோய் ஸ்பிரிண்ட், கீரின், அணி ஸ்பிரிண்ட் மூன்றிலும் தங்கம் வென்றார். பெண்டில்டன் அணி ஸ்பிரிண்டில் 2007, 2008 ஆண்டுகளிலும், கீரினில் 2007-இலும் உலக சாம்பியன். ஆனால் பெய்ஜிங்கில் அவர் போட்டியிட முடிந்தது ஸ்பிரிண்ட் ஒன்றில் மட்டுமே. இருவரும் ஒரே அணி, ஒரே வகைப் பயிற்சி. ஆனால் ஒருவருக்கு மூன்று வாய்ப்பு, மற்றவருக்கு ஒன்று.

2012 இலண்டனில் இது சரிசெய்யப்பட்டது. இருபாலருக்கும் தலா ஐந்து போட்டிகள் அமைந்தன. பெண்களுக்குக் கீரினும் அணி ஸ்பிரிண்டும் புதிதாகச் சேர்ந்தன. பெண்டில்டன் கீரினில் தங்கம் வென்றார். ஸ்பிரிண்ட் இறுதியில் மீண்டும் மியர்சும் பெண்டில்டனும் மோதினர். முதல் ஓட்டத்தில் நூலிழையில் முந்தியவர் பெண்டில்டன். ஆனால் தம் தடத்தை விட்டு விலகினார் என்று நடுவர்கள் அவரைத் தாழ்த்தி, ஓட்டத்தை மியர்சுக்கு அளித்தனர். இரண்டாம் ஓட்டத்தில் மியர்ஸ் ஏறக்குறைய அசையாமல் நின்று, பெண்டில்டனை முன்னே செல்ல வைத்தார். பின் அவரது காற்று மறைவிலிருந்து பாய்ந்து கடந்தார். அதுவே பெண்டில்டனின் கடைசிப் பந்தயம். ஆறு உலக ஸ்பிரிண்ட் பட்டங்களுடன் (2005, 2007–2010, 2012) எர்மலாயெவா, சார்யோவா ஆகியோருக்கு நிகராக அவர் ஓய்வு பெற்றார். இருவரும் ஒருவரை ஒருவர் தேடி உழைத்திராவிட்டால் இருவருமே இந்த உயரத்தை எட்டியிருக்க மாட்டார்கள்.

துணைப் பந்தயங்கள்

ஸ்பிரிண்ட் வீராங்கனைகள் பங்கேற்கும் பிற பந்தயங்களும் இக்காலத்தில் வளர்ந்தன.

கீரின்: 1948-இல் ஜப்பானில் பந்தயப் பணம் கட்டும் போட்டியாகத் தோன்றியது. ஓட்டுநர்கள் ஒரு முன்வண்டியின் பின்னால் வேகம் கூட்டிச் சென்று, அது விலகியதும் பாய்வர். ஜப்பானில் பெண்களுக்கான கீரின் 1949-இல் தொடங்கி 1964-இல் நின்றுபோயிற்று. 2012-இல் மீண்டும் உயிர்பெற்றது. பெண்கள் உலக சாம்பியன் போட்டியில் கீரின் 2002 முதல் இடம்பெறுகிறது.

அணி ஸ்பிரிண்ட்: பெண்களுக்கு 2007 முதல் உலகப் போட்டியில் உண்டு. ஆண்கள் அணியில் மூவர் மூன்று சுற்று ஓட்ட, பெண்கள் அணியில் இருவர் இரண்டு சுற்று ஓட்டுவதே நெடுநாள் விதியாக இருந்தது. 2016 ரியோவில் சீனாவின் கோங் ஜின்ஜியேயும் ஜோங் தியான்ஷியும் இதில் வென்று, மிதிவண்டியில் தம் நாட்டிற்கு முதல் ஒலிம்பிக் தங்கம் தேடித் தந்தனர். 2021 உலகப் போட்டி முதல் பெண்கள் அணியிலும் மூவர் ஓட்டுகின்றனர்.

தனிநேர ஓட்டம்: ஆண்களுக்கு 1,000 மீட்டர், பெண்களுக்கு 500 மீட்டர் என்ற வேறுபாடு 1995 முதல் நீடித்தது. 2025-இல் பெண்களுக்கும் 1,000 மீட்டர் ஆக்கப்பட்டது. பெண்களுக்குக் குறைந்த தொலைவே போதும் என்ற பழைய எண்ணத்தின் எச்சம் இவ்வாறு ஒவ்வொன்றாக நீங்கி வருகிறது.

கிறிஸ்டினா ஃபோகல்

கிர்கிசியாவில் பிறந்து கைக்குழந்தையாக ஜெர்மனிக்கு வந்தவர் கிறிஸ்டினா ஃபோகல். 2009-இல் சாலையில் பயிற்சி செய்தபோது வண்டி மோதிக் கடும் காயமுற்று நினைவிழந்தார். மீண்டு வந்து 2012-இல் மிரியம் வெல்டேயுடன் அணி ஸ்பிரிண்ட் தங்கம் வென்றார். 2014, 2015, 2017, 2018 ஆண்டுகளில் ஸ்பிரிண்ட் உலக சாம்பியன் ஆனார். 2016 ரியோ இறுதியில் இலக்கைக் கடக்கும் வேளையில் அவரது மிதிவண்டியின் இருக்கையே கழன்று விழுந்தது. ஆயினும் தங்கம் வென்றார். எல்லாப் பந்தயங்களிலும் சேர்த்து 11 உலகப் பட்டங்கள் பெற்று மியர்சின் எண்ணிக்கையைச் சமன் செய்தார்.

2018 ஜூன் 26 அன்று காட்புஸ் நகர ஓடுதளத்தில் பயிற்சியின்போது மற்றொரு ஓட்டுநருடன் மோதினார். தண்டுவடம் அறுபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பிரேக் இல்லாத வண்டியில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல் செல்லும் இவ்விளையாட்டின் இடர் என்ன என்பதை அந்நாள் உலகிற்கு உணர்த்தியது. ஃபோகல் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியிலிருந்தபடியே பொதுவாழ்வில் ஈடுபட்டு, 2019-இல் எர்ஃபுர்ட் நகர மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அண்மைக்காலம்

கடந்த பத்தாண்டுகளில் இப்பந்தயம் புதிய நாடுகளுக்கும் பரவியுள்ளது. 2016-இல் சீனாவின் ஜோங் தியான்ஷியும், 2019-இல் ஹாங்காங்கின் லீ வாய் ஸீயும் உலகப் பட்டம் வென்றனர். லீ அதே போட்டியில் கீரின் பட்டத்தையும் பெற்றார். 2020 பெர்லின் போட்டியில் ஜெர்மனியின் எம்மா ஹின்ட்ஸெ மூன்று தங்கம் வென்றார்.

கனடாவின் கெல்சி மிட்செல் கால்பந்து ஆடிவந்தவர். 2017-இல் நடைபெற்ற திறன் தேடல் முகாம் ஒன்றில் அவரது கால் வலிமை கண்டறியப்பட்டது. 2019-இல் பொலிவியாவின் கோச்சபாம்பாவில் 200 மீட்டரை 10.154 விநாடிகளில் கடந்து உலகச் சாதனை படைத்தார். கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் உள்ள அந்நகரில் காற்று அடர்த்தி குறைவு. வேகத்திற்கு அது துணைபுரியும். எனினும் 2021-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கமும் வென்று தம் திறனை நிறுவினார்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜெர்மனியின் லேயா ஃபிரீட்ரிக் 10.029 விநாடிகளில் அச்சாதனையை முறியடித்தார். மணிக்கு ஏறக்குறைய 71.8 கிலோமீட்டர் வேகம் இது. ஆனால் இறுதியில் வென்றவர் நியூசிலாந்தின் எலெஸ் ஆண்ட்ரூஸ். மிக வேகமானவரே வெல்வார் என்ற உறுதி இப்பந்தயத்தில் இல்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனின் எம்மா ஃபினுகேன் அங்கு அணி ஸ்பிரிண்ட் தங்கம், கீரின் வெண்கலம், ஸ்பிரிண்ட் வெண்கலம் என மூன்று பதக்கங்கள் பெற்றார். 2025-இல் துருக்கியின் கோன்யாவில் சீனாவின் யுவான் லியிங் 10 விநாடிக்குள் 200 மீட்டரைக் கடந்தார்.

இந்தியாவில்

2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் சர்வதேசத் தரத்தில் உள்ளரங்க வெலோட்ரோம் அமைக்கப்பட்டது. அங்கு அன்னா மியர்ஸ் மூன்று தங்கம் வென்றார். அத்தளம் பின்னர் இந்திய ஸ்பிரிண்ட் ஓட்டுநர்களின் பயிற்சிக் களமாயிற்று.

அங்கு உருவானவர்களுள் குறிப்பிடத்தக்கவர் நிக்கோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்ட். 2004 ஆழிப்பேரலையின்போது ஒன்பது வயதுச் சிறுமியாக மரத்தைப் பற்றிக்கொண்டு பல நாட்கள் உயிர்பிழைத்தவர். 500 மீட்டர் தனிநேர ஓட்டத்தில் உலகத் தரவரிசையில் நான்காம் இடம் வரை உயர்ந்தார். ஒலிம்பிக் மிதிவண்டிப் போட்டியில் இந்தியப் பெண் எவரும் பங்கேற்கும் நாள் இனிதான் வர வேண்டும்.

ஒலிம்பிக் பெண்கள் ஸ்பிரிண்ட் சாம்பியன்கள்

1988 சியோல் – எரிக்கா சலுமே (சோவியத் ஒன்றியம்)
1992 பார்சிலோனா – எரிக்கா சலுமே (எஸ்தோனியா)
1996 அட்லாண்டா – ஃபெலிசியா பலாஞ்ஜே (பிரான்ஸ்)
2000 சிட்னி – ஃபெலிசியா பலாஞ்ஜே (பிரான்ஸ்)
2004 ஏதென்ஸ் – லோரி ஆன் மியூன்சர் (கனடா)
2008 பெய்ஜிங் – விக்டோரியா பெண்டில்டன் (பிரிட்டன்)
2012 இலண்டன் – அன்னா மியர்ஸ் (ஆஸ்திரேலியா)
2016 ரியோ – கிறிஸ்டினா ஃபோகல் (ஜெர்மனி)
2020 டோக்கியோ (2021-இல் நடைபெற்றது) – கெல்சி மிட்செல் (கனடா)
2024 பாரிஸ் – எலெஸ் ஆண்ட்ரூஸ் (நியூசிலாந்து)

வரலாற்று முக்கியத்துவம்

பெண்கள் ஸ்பிரிண்ட் வரலாற்றில் ஒவ்வொரு முன்னேற்றமும் இருமுறை வெல்லப்பட வேண்டியிருந்தது. ஒருமுறை ஓடுதளத்தில், மறுமுறை விதிகளை வகுக்கும் கூட்ட அறையில். டில்லி ஆண்டர்சன் முதலாவதை வென்றார்; இரண்டாவது அவருக்கு வாய்க்கவில்லை. எர்மலாயெவாவும் சார்யோவாவும் ஆறாறு முறை உலகை வென்றும் ஒலிம்பிக் மேடையில் ஏற இயலவில்லை. ஆறு உலகப் பட்டங்களில் அவர்களுக்கு இணையான பெண்டில்டனுக்கு அந்த மேடை இருமுறை தங்கம் தந்தது. இந்த வேறுபாடு திறமையால் வந்ததன்று. பிறந்த காலத்தால் வந்தது. அக்காலத்தை மாற்றியவர்களுள் ஐலீன் கிரே போன்று மேசைக்குப் பின்னால் நின்று போராடியவர்களும் உண்டு. பதக்கப் பட்டியல்களில் அவர்களது பெயர் இடம்பெறுவதில்லை என்றாலும், அப்பட்டியல்கள் உருவாகக் காரணமானவர்கள் அவர்களே.